பவர் சப்ளையைப் பார்க்காமல் சொன்ன வார்த்தை

வில்லியனூரில் இருக்கும் என் தோழி ஸ்டெல்லா, விசேஷங்களை வீடியோ எடுத்து எடிட் செய்து கொடுப்பவள். அவளுடைய கம்ப்யூட்டர் பழையது, விலை குறைந்தது. வேகம் போதவில்லை என்று புது கிராபிக்ஸ் கார்டு வாங்கி வந்தாள். நான் கம்ப்யூட்டர் படித்தவள் என்பதால் என்னைக் கூப்பிட்டாள்.

"பழைய பொட்டியாச்சே, தாங்குமாடி?"

கார்டை மாட்ட இடம் இருக்கிறதா, நீளம் சரியா என்று மட்டும் பார்த்தேன். புது கார்டு இழுக்கும் மின்சாரத்தைக் கொடுக்கும் திறன் உள்ளே இருக்கும் பவர் சப்ளைக்கு உண்டா என்றும் பார்க்க வேண்டும் என்பது எனக்குத் தெரியும். சோம்பல். "அதெல்லாம் தாங்கும்" என்று மாட்டிக் கொடுத்தேன்.

மறுநாள் வேலை நடுவே கருகிய வாடையோடு எல்லாம் அணைந்தது. ஹார்ட் டிஸ்க்கும் போயிற்று. அதில் சேதராப்பட்டுக் குடும்பம் ஒன்றின் மஞ்சள் நீராட்டு விழா இருந்தது. பெண்ணின் அப்பா துபாயில் அந்த வீடியோவுக்காகக் காத்திருந்தார். கேமராவின் மெமரி கார்டையோ அடுத்த விசேஷத்துக்காக ஸ்டெல்லா அழித்துவிட்டிருந்தாள்.

பெண்ணின் அம்மா நேரில் வந்து சத்தம் போட்டார். "என் தப்புதான்க்கா" என்றாள் ஸ்டெல்லா. பக்கத்தில் நின்ற நான் வாய் திறக்கவில்லை.

அவர் போனதும், "என் பேரை ஏன்டி சொல்லல?" என்றேன்.

"சொன்னா இன்னா, வீடியோ வந்துடுமா?"

எனக்குத் தூக்கம் போயிற்று. கடைசியில் சேதராப்பட்டுக்குப் போய் அந்த அம்மாவிடம் உண்மையைச் சொன்னேன். அவர் என்னைத் திட்டவில்லை.

"இத அன்னிக்கே சொல்லியிருக்கலாமே. பாவம், அந்தப் பொண்ண வாய்க்கு வந்தபடி பேசிட்டேனே" என்று கண் கலங்கினார்.

பவர் சப்ளையைப் பார்க்காமல் விட்டதைக்கூட ஒருநாள் மறந்துவிடுவேன். ஸ்டெல்லா திட்டு வாங்கியபோது பேசாமல் நின்றேனே, அதை மறக்க முடியவில்லை.