வெந்நீரில் போன சிவப்பு

மந்தைவெளியில் பழச்சாறு கடை வைத்திருக்கிறேன். எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவள். பயத்துக்கு மட்டும் என்னிடம் பஞ்சமே இல்லை. மிக்சி கொஞ்சம் முனகினாலும் வெடித்துவிடுமோ என்று இரண்டடி தள்ளி நிற்பேன்.

அப்படிப்பட்டவளிடம்தான் அந்தப் பெண் வந்து சேர்ந்தாள். அடையாறில் ஒரு கல்லூரியில் ஆராய்ச்சி செய்கிறவள். "அக்கா, டிராகன் பழத் தோலைத் தூக்கிப் போடாதீங்க, எனக்குக் குடுங்க" என்றாள். அந்தத் தோலில் இருக்கிற சிவப்புச் சாயத்தைப் பிரித்தெடுத்து, அது புண்ணில் வரும் கிருமியைத் தடுக்குமா என்று பார்க்கிறாளாம். "நாளைக்கு இதுலேர்ந்து ஒரு மருந்தே வரலாம்க்கா."

மருந்து என்றதுமே என் கண் தோல் கூடைக்குத்தான் போனது. தோலில் ஈ உட்கார்ந்திருக்கும். நாளைக்கு யாருக்காவது ஏதாவது ஆகிவிட்டால், விசாரித்துக்கொண்டு என் கடைக்குத்தானே வருவார்கள்? அதனால் அவளிடம் சொல்லாமலே ஒரு வேலை செய்தேன். அன்றன்று சேரும் தோலைக் கொதிக்கிற வெந்நீரில் போட்டு, சோடா உப்பு தூவி, மூன்று தண்ணீர் அலசி, துடைத்து, புதுக் கவரில் கட்டிக் கொடுத்தேன்.

என் வீட்டுக்காரருக்கு அது ஒரே வேடிக்கை.

"இன்னாமே, குப்பையக் குளிப்பாட்டினுகீற? அடுத்து பவுடர் அடிச்சுப் பொட்டு வெப்பியா?"

"போலீசு வந்தா நீயா பதில் சொல்லுவ? கம்முனு கெட."

மூன்று வாரம் இப்படியே போனது. ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம் வந்தவள், கொடுத்த சாற்றைக் குடிக்காமல் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள்.

"சாயமே வரலக்கா. மொதல்ல தி.நகர்ல வாங்கின பழத்துல நல்லா வந்துச்சு. இப்ப வெளுத்த மஞ்சத் தண்ணிதான் வருது. எங்கயோ நான்தான் தப்புப் பண்றேன். வெள்ளிக்கிழமை ஆராய்ச்சிக் குழு முன்னாடி காட்டணும். காட்டலைன்னா வேற தலைப்பு எடுத்துக்கோன்னுட்டாங்க எங்க கைடு மேடம். ரெண்டு வருஷம் போச்சு."

அவள் போனதும் வழக்கம்போல தோலை அலசி, தண்ணீரைச் சாக்கடையில் ஊற்றினேன். செக்கச்செவேல் என்று ஓடியது. தினமும் பார்த்த தண்ணீர்தான். இத்தனை நாளும், அழுக்கு போகிறது என்று அதைப் பார்த்துச் சந்தோஷப்பட்டிருக்கிறேன்! அவள் தேடுவதை நான்தான் சாக்கடைக்கு ஊற்றியிருக்கிறேன்.

நான் செய்தது அவளுக்குத் தெரியாது. வாயைத் திறக்காமல் இருந்தால் யாரும் என்னைக் கேட்கப்போவதில்லை. ஆனால் தன்னையே நொந்துகொண்டு போன அவள் முகம் கண்ணை விட்டுப் போகவில்லை.

மறுநாள் காலை, வெந்நீர் காட்டாத புதுத் தோலை ஐஸ் பெட்டியில் வைத்துக்கொண்டு ஆட்டோ ஏறினேன். கல்லூரி வாசலில் காவலாளி மறித்தார்.

"பொட்டியில இன்னாமா?"

"பழத்தோலு."

"எல்லாரும் குப்பைய வெளிய எடுத்துனு போவாங்க. நீ உள்ள எடுத்துனு வர்றியா?"

போன் போட்டதும் அவளே வாசலுக்கு வந்து அழைத்துப் போனாள். நின்ற இடத்திலேயே நான் செய்ததையெல்லாம் சொல்லிக் கொட்டினேன்.

"சோடா உப்பா?"

"மூணு தண்ணி வேற."

தலையில் கை வைத்துக்கொண்டு சிரித்தாள், கண்ணில் தண்ணீர் வர. "இந்தச் சாயத்துக்குச் சூடே ஆகாதுக்கா. சோடா ஆகவே ஆகாது. நீங்க ரெண்டையும் போட்டுருக்கீங்க!"

அன்றே அரைத்து வடிகட்டினாள். கண்ணாடிக் குடுவையில் சொட்டுச் சொட்டாக இறங்கியது சிவப்பு. என் கடையில் எந்த டம்ளரிலும் அப்படியொரு சிவப்பை நான் பார்த்ததில்லை.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஓடிவந்து போனை நீட்டினாள். கிருமி வளர்த்த வட்டத் தட்டின் படம். நடுவே சாயம் வைத்த இடத்தைச் சுற்றி ஒரு வளையம், துடைத்து வைத்தாற்போல.

"இந்த வளையத்துக்குள்ள கிருமி வளரலக்கா! மனுஷங்களுக்குப் போட இன்னும் எத்தனையோ வருஷம் ஆகும். ஆனா தலைப்பு எனக்குத்தான்! உங்க வெந்நீர் கதையையும் சொன்னேன். சூடும் சோடாவும் சாயத்தைக் கெடுக்குதுன்னு அதையும் எழுதச் சொல்லிட்டாங்க."

எட்டாவதோடு நின்றவள் பயந்து செய்த தப்பு, ஆராய்ச்சிப் புத்தகத்தில் ஒரு பக்கம்! அன்று கடைக்கு வந்தவர்களுக்கெல்லாம் ஒரு கரண்டி சாறு கூடுதலாக ஊற்றினேன்.

"இன்னாமே, இன்னிக்குக் குளிப்பாட்டல?" என்று தோல் பக்கம் கை நீட்டினார் வீட்டுக்காரர்.

பட்டென்று அந்தக் கையில் ஒன்று வைத்தேன். "தொடாத. கைய கழுவிக்கினு வா. பச்சத் தண்ணியில!"