அழித்துப் பதிந்த கேசட்

படகு கட்டும் குடும்பத்தைப் பற்றிய பழைய பிரிட்டிஷ் தொடர் ஒன்றின் டேப்புகளைத் தொலைக்காட்சி நிலையத்தாரே அழித்துவிட்டார்களாம். பிரதி எதுவும் மிஞ்சவில்லை என்று கைப்பேசியில் படித்தேன்.

எங்களிடம் ஒன்று இருந்தது. வளைகுடாவில் ஒளிபரப்பானதை மாமா வீடியோ கேசட்டில் பதிந்து குளச்சலுக்குக் கொண்டுவந்தார். விசைப்படகுச் சண்டையில் பேச்சுவார்த்தை நின்றுபோன அப்பாவும் சித்தப்பாவும் டீசல் வாடையோடு வந்து, ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்து பார்ப்பார்கள். தொடரிலும் அண்ணன் தம்பிக்குப் படகுச் சண்டைதான்.

“நியாயம் தம்பிக்காரன் பக்கம்னு ஒங்க அப்பாட்ட சொல்லு மக்கா,” என்பார் சித்தப்பா.

“கடைசியில சேந்துருவானுவன்னு அவன்ட்ட சொல்லு,” என்பார் அப்பா.

கடைசிப் பாகம் பார்க்குமுன் அக்காவுக்குக் கல்யாணம் வந்தது. வீடியோக்காரர் கேசட் கேட்டதும் அம்மா அதையே எடுத்துக் கொடுத்துவிட்டாள்.

இப்போது அந்தக் கேசட்டில் எங்கள் குடும்பம் முழுக்க இருக்கிறது, சித்தப்பாவைத் தவிர.