வாசலோரத்துக் கறுப்புச் சுவிட்ச்

தோட்டத் தொழிலாளர் லயத்தில் எங்கள் வீட்டு வாசலோரத்தில் கறுப்பாக, உருண்டையாக ஒரு சுவிட்ச் இருந்தது. எண்பதுகளின் தொடக்கத்தில், மலேசியாவில் கோல சிலாங்கூர் பக்கத்து எங்கள் தோட்டத்துக்கு மின்சாரம் வந்தபோது பொருத்தியது. மாலை ஆறரைக்குத் தோட்டத்துக்கு மின்சாரம் தரும் இன்ஜின் ஓடத் தொடங்கும். பத்து மணிக்குத்தான் நிற்கும். அதுவரை எங்கள் ஒரே அறையில் குழல் விளக்கு எரியும்.

அண்ணன் பாமாயில் எடுக்கும் செம்பனைக் குலை ஏற்றும் டிராக்டர் ஓட்டினார். காலை நாலு மணிக்கு எழ வேண்டும். மண்ணெண்ணெய் விளக்குக் காலத்தில் அம்மா திரியை இறக்கினாலே உறங்கிவிடுவார். குழல் விளக்கு வந்த பிறகு, எட்டு மணிக்குப் படுத்து, முகத்தில் துண்டைப் போட்டுக்கொண்டு புரள்வார். பத்து மணிக்கு இருண்ட பிறகும் உறக்கம் வராது. பகல் அவர் கண்ணுக்குள்ளேயே தங்கிவிட்டதுபோல் இருக்கும்.

“சூரியனப் புடிச்சி உத்தரத்துல கட்டிவெச்சிட்டு, தூங்கு தூங்குன்னா எப்படிம்மா?” என்பார்.

அம்மா சிரிக்கமாட்டார். “விளக்கு வெச்ச வீட்டுல கையால அணைக்கக் கூடாதுப்பா. இன்ஜின் தானா நிக்கட்டும். கண்ண மூடு, வரும்.” அப்பா இறந்த பிறகு அம்மாவுக்கு எது அணைந்தாலும் பயம்.

ஒரு மாலை அம்மா பக்கத்து வீட்டுக்குப் போயிருந்தார். அண்ணன் துண்டை விலக்காமலே, “தங்கச்சி, இன்னைக்கு மட்டும் அணைச்சிரு லா. சின்னப் புள்ள, தெரியாம செஞ்சிருச்சின்னு விட்டுருவாங்க” என்றார். எழுந்து போய்ச் சுவிட்சில் விரலை வைத்தேன். வெளியே அம்மாவின் செருப்புச் சத்தம். விரலை எடுத்துவிட்டேன். அண்ணன் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

மறுநாள் செம்மண் சாலை வளைவில் டிராக்டர் கால்வாயில் கவிழ்ந்தது. அண்ணன் அடியில் கிடந்தார். அவர் பக்கத்தில் தொற்றிக்கொண்டு வந்து, குதித்துத் தப்பிய தொழிலாளி, “கவுறதுக்கு முன்னாடியே உங்கண்ணன் கண்ணு மூடியிருந்திச்சும்மா” என்று என்னிடம் மட்டும் சொன்னார்.

அன்றிரவு அவருக்காக விடியும்வரை இன்ஜினை ஓடவிட்டார்கள். குழல் விளக்குக்கு நேர் கீழே அண்ணனைக் கிடத்தியிருந்தார்கள். முகத்தில் துண்டு இல்லை.

இப்போது ரவாங்கில் என் வீட்டில் ஏழரைக்கே விளக்குகளை அணைத்துவிடுகிறேன். “அம்மா, நாங்க இன்னும் சாப்பிடவே இல்ல லா!” என்று மகள் கத்துவாள். அவளிடம் இதையெல்லாம் சொன்னதில்லை. இருட்டில் விழித்துக் கிடக்கிறேன். அன்று அணைத்திருந்தால் அண்ணன் பிழைத்திருப்பார் என்று சொல்ல முடியாது. அதற்கு முன் எத்தனையோ மாலைகள் அவர் தூங்கவில்லை. ஆனால் அவர் என்னிடம் கேட்டது அந்த ஒரு மாலையைத்தான். சுவிட்ச் என் விரலுக்கடியில்தான் இருந்தது.