ஸ்பெக்கா, ஸ்மியரா, டச்சா?

ஆயுத பூஜைக்கு மறுநாள் காலை, பஞ்சைச் சிக்கெடுக்கும் கார்டிங் மெஷினிலிருந்து சீலை போல மெல்லிசாக வர வேண்டிய பஞ்சு, சிரங்கு பிடித்த தோல் போல வந்தது. இடமெல்லாம் குட்டிக் குட்டி முடிச்சு.

ராஜபாளையத்தில் எங்கள் மில் ஓட ஆரம்பித்து அதிக நாள் ஆகவில்லை. மெஷின்களைப் பூட்டிக் கொடுக்கச் சீமையிலிருந்து வந்த துரை ஒருவர் தங்கியிருந்தார். அவர் அந்தப் பஞ்சைக் கையில் ஏந்திப் பார்த்தார். பிறகு எங்கள் மேஸ்திரி சங்கரலிங்கத்தைப் பார்த்தார்.

"மேஸ்திரி, கண்ணு போச்சு!" என்றார், தெரிந்த அரைகுறைத் தமிழில்.

சாயங்காலத்துக்குள் பஞ்சு சரியாகாவிட்டால் மதுரையிலிருந்து வேறு மேஸ்திரியை வரவழைக்கச் சொல்லி மானேஜரிடம் கட்டளையும் போட்டுவிட்டார்.

நான் அப்போது மேஸ்திரிக்குக் கீழே ஃபிட்டர். ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்திலிருந்து வேலைக்கு வந்து போவேன். படிப்பு நாலாம் வகுப்போடு சரி. போதாக்குறைக்குக் கூச்சம் வேறு. துரை எதிரே வந்தால் மெஷினுக்குப் பின்னால் போய் எதையாவது துடைத்துக்கொண்டிருப்பேன். ஆனால் காது நன்றாகக் கேட்கும். சின்ன அளவைச் சொல்ல அவர் வாயிலிருந்து வரும் இங்கிலீஷ் சொற்களை, அந்த நேரத்தில் நடக்கும் வேலையை வைத்துப் பிரித்துத் தெரிந்துகொண்டேன். இளைய ஃபிட்டர்களுக்காக அதைச் சொல்லிவிடுகிறேன்.

'ஹேர்' என்பது இடைவெளிக்கு மட்டும். ஸ்க்ரூவை மயிரிழை தளர்த்து என்று அர்த்தம். எண்ணெய்க்கு அந்தச் சொல் வராது. 'ஸ்பெக்' தானாகப் பறந்து வந்து விழுந்த தூசி. அதற்கு யாரையும் திட்ட மாட்டார், வாயால் ஊதிவிடுவார். 'ஸ்மியர்' அசட்டைக்காரன் கைவேலை. பளபளக்கும் இரும்பில் எண்ணெய்க் கையை இழுத்துவிட்டால் அந்தச் சொல் வரும், பின்னாலேயே வசவும் வரும். 'ட்ரேஸ்' துடைத்த பிறகும் போகாமல் ஒட்டிக்கொண்டிருப்பது. 'டச்' ஒன்றுதான் மரியாதையான சொல். 'டச் ஆஃப் க்ரீஸ்' என்றால் விரல் நுனியால் தொட்டு, வைக்க வேண்டிய இடத்தில், வேண்டுமென்றே வைப்பது.

அன்றைக்கு மேஸ்திரி, சிலிண்டருக்கும் அதன் மேலே இருக்கும் ஃபிளாட் என்ற கம்பிப்பல் சட்டத்துக்கும் நடுவில் திரும்பத் திரும்ப கேஜ் விட்டுப் பார்த்தார். கேஜ் என்பது வெற்றிலையைவிடச் சன்னமான எஃகுத் தகடு. உரசியும் உரசாமலும் போனால் இடைவெளி சரி. சரியாகத்தான் போனது. பஞ்சுதான் சிரங்காகவே வந்தது.

"ஏலே, நெசமாவே எனக்குக் கண்ணு போச்சாலே?"

"கண்ணு கெடக்கட்டும் அண்ணாச்சி. ஒங்க கை தப்பாதே."

"கையும் போச்சுன்னு அந்தாளு சொல்லிறப் போறாரு. வாயக் கட்டு."

அதற்குள் துரை வந்து கேஜைப் பிடுங்கிக்கொண்டு ஜன்னல் வெயிலுக்குப் போனார். ஷெட்டின் மங்கலில் தெரியாதது அங்கே தெரிந்தது. தகட்டின் நடுவில் காய்ந்த மஞ்சள் வட்டம், அதற்குள் கொஞ்சம் சிவப்பு.

எனக்கு உடனே விளங்கிவிட்டது. பூஜையன்று சுத்தியல், ஸ்பானர், ரம்பம் எதற்கும் பொட்டு விடுபடக் கூடாது. விடுபட்டால் அது கோபித்துக்கொண்டு வருஷம் முழுக்கக் கையைக் கடிக்கும் என்பார்கள். மேஸ்திரி கேஜின் ஒவ்வொரு தகட்டுக்கும் சந்தனமும் குங்குமமும் வைத்திருந்தார். மறுநாள் அழுத்தித் துடைக்க மனசு வராமல் மேலாகத் துடைத்திருந்தார். சந்தனம் ஏடாகக் காய்ந்து தகடு தடித்துவிட்டது. காலையில் அதை விட்டு அளந்து வைத்த இடைவெளியும் அகன்று, பஞ்சு முடிச்சுப் பிரியாமல் வந்துவிட்டது.

"ஸ்மியர்!" என்றார் துரை. முகம் சிவந்துவிட்டது.

மேஸ்திரிக்கு இங்கிலீஷ் ஒரு எழுத்தும் தெரியாது. ஆனாலும் கையிலிருந்த ஸ்பானரை மெதுவாகக் கீழே வைத்தார். வேலையை விட்டுப் போகிறவர் வைக்கிற மாதிரி வைத்தார். அதைப் பார்த்ததும் என் வாய் திறந்துகொண்டது.

"நோ ஸ்மியர், சார்."

துரை எனக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார், வேறு யாரோ பேசுகிறார்கள் என்று. ஒருவரும் இல்லை என்றதும், "ஸ்பெக்?" என்றார் கிண்டலாக. ஆமாம் என்று தலையாட்டினால் தப்பித்துவிடலாம். ஆனால் குங்குமம் எந்த ஊரில் தானாகப் பறந்து வந்து சந்தனத்துக்கு நடுவில் உட்காரும்? வேண்டுமென்றே வைத்தது என்று சொன்னால் கோபம் இன்னும் ஏறுமோ என்றும் பயம்.

"நோ சார். எஸ்டர்டே டச். டுடே ட்ரேஸ்."

சொல்லிவிட்டு என் நெற்றியைத் தொட்டுக் காட்டினேன். பிறகு மேஸ்திரி நெற்றியை, பிறகு மெஷினின் முகப்பை. துரை வரிசையாகப் பார்த்துக்கொண்டே வந்தார். எங்கும் அதே வட்டம், அதே நடுச்சிவப்பு. கேஜை நகத்தால் சுரண்டி மோந்தும் பார்த்தார். சிரிப்பை அடக்க மீசையைக் கடித்துக்கொண்டார்.

மண்ணெண்ணெய்த் துணியை எடுத்து அவரே மேஸ்திரி கையில் கொடுத்தார். துடைத்த தகட்டை உள்ளே விட்டால் தொளதொளவென்று ஆடியது. மேஸ்திரி ஸ்க்ரூவைத் திருகி ஃபிளாட்டை இறக்கினார். செத்த நேரத்தில் பஞ்சு சீலையாக வழிந்தது. துரை கேஜ் வைக்கும் மரப்பெட்டியைத் தட்டி, "சந்தனம் இங்கே" என்றார். மதுரை ஆள் வேண்டாம் என்று மானேஜருக்கும் சொல்லி அனுப்பினார்.

அவர் தலை மறைந்ததும் மேஸ்திரி என் பக்கம் திரும்பினார். "ஏலே, இம்புட்டு இங்கிலீசையும் வாய்க்குள்ள வச்சுக்கிட்டா இத்தன நாளா வெத்தலைய மென்னுக்கிட்டு இருந்தே?"

தம்பிகளே, சின்ன அளவுக்கான சொற்களை எது பெரிசு, எது சிறிசு என்று வரிசை போட்டுப் படிக்காதீர்கள். நானும் முதலில் அப்படிப் படித்துத் தோற்றவன்தான். தானாக விழுந்ததா, அசட்டையில் பட்டதா, மனசோடு வைத்ததா என்று கேட்டுப் படியுங்கள். பஞ்சில் விழுந்த முடிச்சை மறுபடி ஓட்டி எடுத்துவிடலாம். ஓர் ஆள் மேல் தவறாக விழுந்த சொல்லை எடுக்கிற மெஷின் எதையும் நான் இதுவரை பூட்டியதில்லை.