கறையான் புற்றில் எடுத்த அழைப்பு

2009 ஜனவரியில், மலாவிக்குப் புறப்படுவதற்கு முதல்நாள், லண்டன் பிளேஸ்டோவில் இருந்த அண்ணை வீட்டுக்குச் சொல்லிக்கொள்ளப் போனோம், நானும் என் கணவரும். நான் இருபது வருடம் லண்டனில் பிரசவ வார்டில் நர்ஸாக இருந்தவள். அவர் கணக்கு வாத்தியார். மலாவியில் ஒரு கிராமத்தின் பிரசவ நிலையத்திலும் பள்ளிக்கூடத்திலும் ஒரு வருடம் தொண்டர்களாக இருப்பதாக ஒப்புக்கொண்டிருந்தோம். அண்ணை டிவியில் வன்னிப் போர்ச் செய்தி பார்த்துக்கொண்டிருந்தார். திரும்பாமலே பேசினார்.

“எங்கட சனம் அங்க செத்துக்கொண்டிருக்குது. நீ ஆபிரிக்காவுக்குத் தொண்டு செய்யப் போறாய். வெக்கமா இல்லையோ?”

“வன்னிக்குள்ள என்னை விடுவினமோ அண்ணை? விட்டா நாளைக்கே போறன். விடாத இடத்தை டிவியில பாத்துக்கொண்டு சோபாவில இருக்க என்னால ஏலாது.”

“அப்ப போ. இனி என்னோட கதைக்காத.”

கதைக்கமாட்டேன் என்று நானும் சொல்லிவிட்டு எழும்பினேன். வாய்க்கொழுப்பு எங்கள் குடும்பச் சொத்து. அவ்வளவு சண்டைக்கு நடுவிலும் அண்ணையின் மனைவி, என் மச்சாள், இரண்டு கிலோ நெத்தலிக் கருவாட்டை என் கையில் திணித்து அனுப்பினார்.

அதைக் கடல் தாண்டிச் சுமந்துகொண்டு போனால், மலாவிச் சந்தையில் ஏரியில் பிடித்த அதே அளவுச் சின்ன மீனைக் காயவைத்துக் குவித்து விற்கிறார்கள். முதல் மாதம் முழுக்க இப்படி மூக்குடைபட்டேன். குழாய்க்கிணற்றில் அடித்த தண்ணீரைத் தலையில் தூக்கினால் பாதி முதுகில் ஊற்றியது. பெண்கள் வயிறு குலுங்கச் சிரித்தார்கள். வெள்ளைக்காரிக்கு வேறு யாராவது தூக்கிக் கொடுக்கட்டும் என்றார்கள். என்னையா வெள்ளைக்காரி? லண்டனில் ஒருவரும் அந்தப் பிழையை விட்டதில்லை. என் வாளியை யாரையும் தொட விடவில்லை. கணவர் வயிற்றோட்டத்தில் சுருண்டு கிடந்தபோது, திரும்பிப் போவோமா என்று மெதுவாகக் கேட்டார். அண்ணை சிரிக்கவா என்று கேட்டேன். பிறகு அவர் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. சோளமாக் களியைக் கையால் உருட்டிச் சாப்பிடவும், பகலில் கதவைத் திறந்தே வைக்கவும் பழகினோம்.

அந்த ஊரில் பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் நின்ற ஆளுயரக் கறையான் புற்றில் ஏறினால்தான் போனுக்குச் சிக்னல் கிடைக்கும். ஒருவர் மேலே நின்று பேச, மற்றவர்கள் கீழே முறைக்குக் காத்திருப்பார்கள். மே மாதம் ஒருநாள் நான் ஏறியதும் போன் அடித்தது. அண்ணை.

“அக்கா செத்துப்போனா. பிள்ளையளும்.”

பெரியம்மாவின் மகள். எங்கள் இருவரையும் தூக்கி வளர்த்தவள், வன்னியில் இருந்தவள்.

“நீ வா. போரை நிப்பாட்டச் சொல்லி நாங்கள் எல்லாரும் லண்டன் பாராளுமன்றத்துக்கு முன்னால ரோட்டில நிக்கிறம்.”

“வரமாட்டன். இஞ்ச ரெண்டு பேருக்கு இண்டைக்கோ நாளைக்கோ பிள்ளை பிறக்கப் போகுது. என்னை விட்டா ஆள் இல்லை.”

அண்ணை போனை வைத்துவிட்டார்.

புற்றிலிருந்து இறங்கினேன். கீழே நின்ற ஒருத்தி யாருக்கு என்ன என்று கேட்டாள். அக்கா செத்துவிட்டாள் என்றேன். காத்திருந்தவர்களில் ஒருவரும் புற்றில் ஏறவில்லை, எல்லாரும் என் பின்னால் வந்தார்கள். பொழுது சாய்வதற்குள் வீட்டுத் தரையெல்லாம் பெண்கள், வெளியே மரத்தடியில் ஆண்கள். சோளமாவும் விறகும் கொண்டுவந்திருந்தார்கள். அறுவடைக் காலம், ஆனாலும் அடுத்த நாள் யாரும் வயலுக்குப் போகவில்லை. அவர்கள் பாடியது எனக்குப் பாதிதான் புரிந்தது. முழுதாக அழுதேன்.

கிறிஸ்மஸ் லீவில் லண்டனுக்கு வந்ததும் நேரே பிளேஸ்டோவுக்குப் போனேன். அண்ணை கதவைத் திறந்தார், உள்ளே வா என்று சொல்லவில்லை.

“அக்காவின்ர காரியத்துக்கும் நீ வரேல்லை.”

“நான் அங்க செத்தவீடு வைச்சனான்” என்று தொடங்கி, வாசலில் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். “வந்தவையில ஒருத்தரும் அக்கா எந்தச் சனம் எண்டு கேக்கேல்லை, அண்ணை.”

 “அழுதவையோ?” என்று கேட்டார்.

“ஓம். சத்தமா.”

எத்தனையோ நாள் ரோட்டில் தொண்டை கிழியக் கத்தி நின்ற மனிதர், அந்த வாசலிலேயே குந்தி அழத் தொடங்கினார். நான் அவர் பக்கத்தில் இருந்தேன். இன்னும் ஒரு வருடத்துக்கு அங்கேதான் போகிறேன் என்பதையும் சொல்லிவிட்டுத்தான் உள்ளே போனேன்.