எதிர்ப் பெட்டி

முதல் பெட்டியில் திருமயத்துக் கடலை வியாபாரி. அவர் பக்கத்தில் என் மச்சான், அதாவது அக்காவின் வீட்டுக்காரர். இரண்டாவதில் பள்ளிக்கூடத்து வாத்தியார்கள் இரண்டு பேர். மூன்றாவதில் ஆவூர்ப் பக்கமிருந்து வந்த ஒரு தாயும் இரண்டு பிள்ளைகளும். நாலாவதில் கோர்ட்டு வாய்தாவுக்கு வந்த இரண்டு பேர். ஜட்ஜ் லீவு என்று தெரிந்ததும் ராட்டினம் ஏற வந்துவிட்டார்கள். எதிர் எதிர்க் கட்சிக்காரர்கள்தான், ஆனாலும் ஒரே பெட்டி. ஐந்தாவதில் கடலை வியாபாரியின் சம்சாரமும் மகளும். ஆறாவதில் பஸ் கண்டக்டரும் அவர் தம்பியும். ஏழாவதில் ஜெகதாப்பட்டினத்து மீன்காரம்மா தனியாக, காலடியில் இரண்டு மணல் மூட்டை. எட்டாவதில் புதுசாகக் கல்யாணம் ஆன ஒரு ஜோடி. கீழே முதலாளி, கையில் தகரக் குழல். அக்கா, கையில் தூக்குச்சட்டி. ராட்டினத்தின் கட்டைகளில் நானும் என் கூட்டாளியும்.

இது புதுக்கோட்டையில், பொருட்காட்சி மைதானத்தில். சுதந்திரம் வந்து ஏழெட்டு வருஷம் இருக்கும். நான் அஞ்சாம் வகுப்போடு நின்றவன், எதையும் எழுதி வைக்கவில்லை. தையில் அறுப்பு முடிந்ததும் தட்டி கட்டுவார்கள். பங்குனி வெயில் தாங்காமல் பிரிப்பார்கள். நடுவில் இரண்டு மாசம் ஊர் அங்கேதான் கிடக்கும்.

என்னென்ன இருந்தது என்று இப்போதும் பேரப் பிள்ளைகள் கேட்கிறார்கள். குடை ராட்டினம் இருந்தது. அதில் ஒரு மரக்குதிரைக்கு வால் இல்லை. எல்லாப் பிள்ளைகளும் அந்தக் குதிரைதான் வேண்டும் என்று அடம் பிடிக்கும். மரணக்கிணறு இருந்தது. ஒருத்தன் மோட்டார் சைக்கிளில் சுவர் மேல் ஓடுவான். வெளியே வந்தால் அவனுக்கு ரோட்டைக் கடக்கப் பயம். பஸ் வந்தால் என் கையைப் பிடித்துக்கொள்வான். கண்ணாடிக் கூடாரம் இருந்தது. உள்ளே போனால் குண்டு ஆட்கள் ஒல்லியாகத் தெரிவார்கள். அவர்கள் வெளியே வந்து இன்னொரு டிக்கெட் எடுப்பார்கள். தலை மட்டும் உள்ள பெண் இருந்தது. மேஜை மேல் தலை, கேட்டால் பதில் சொல்லும். ஒருநாள் சமையல் நேரமாகிவிட்டது. மழை வருமா என்று யாரோ கேட்டதற்கு, "பசிக்குது" என்று சொல்லிவிட்டது. மறுநாள் நல்ல கூட்டம்.

எங்கள் ராட்டினத்துக்கு மோட்டார் கிடையாது. மரக்கட்டைதான், நடுவில் இரும்பு அச்சு. எட்டுப் பெட்டி. சுற்றுவது நாங்கள் இரண்டு பேர். கட்டையில் ஏறி, உடம்புக் கனத்தைக் கொடுத்து ஒரு பக்கத்தைக் கீழே அழுத்துவோம். தரை வரும்போது குதிப்போம். மறுபடி ஏறுவோம். குரங்கு வேலை என்று சொல்வார்கள். குரங்குக்கு இவ்வளவு கணக்குத் தெரியாது.

கணக்கு இதுதான். எதிரெதிர்ப் பெட்டியில் ஒரே கனம் இருக்க வேண்டும். ஒன்றுக்கு எதிர் ஐந்து, இரண்டுக்கு ஆறு, இப்படி. ஒரு பக்கம் கனத்தால் ராட்டினம் அந்தப் பக்கமே தொங்கிக்கொண்டு நிற்கும். அடம்பிடித்துச் சுற்றினால் கட்டையில் இருப்பவனைத் தூக்கி எறியும். என் வேலை, டிக்கெட்டோடு வருகிறவரைப் பார்த்ததும் எடை போடுவது. வயிற்றைப் பார்க்கக் கூடாது, அது ஏமாற்றும். நடக்கும்போது குதிகால் மண்ணில் எப்படி இறங்குகிறது என்று பார்க்க வேண்டும். அதை வைத்து, "நீங்க இங்கிட்டு வாங்க, நீங்க அங்கிட்டுப் போங்க" என்று பிரிப்பேன். ஏன் என்று கேட்டால், "அங்கிட்டுக் காத்து நல்லா வரும்" என்போம். கனத்தைப் பற்றி வாய் திறக்கக் கூடாது. ஆள் குறைந்தால் காலடியில் மணல் மூட்டை. ஒரு மூட்டை அறுபது ராத்தல், இன்றைய கணக்கில் இருபத்தேழு கிலோ.

மீன்காரம்மாவுக்கு அன்றைக்கு இரண்டு மூட்டை வைத்தேன். "எனக்கு சோடி இந்த மண்ணு மூட்டைதானா? ஒரு ஆம்பள கெடைக்கலையா ஒனக்கு?" என்றது.

"ஆம்பளைன்னா அசைவான் ஆத்தா" என்றேன்.

"அதுவும் சரிதான்" என்றது.

கடலை வியாபாரி வந்தது என்னைப் பார்க்க. பெண் பார்ப்பது வழக்கம். அவர் மாப்பிள்ளை பார்க்க வந்தார். அதுவும் வீட்டுக்கு வரமாட்டேன் என்று சொல்லியிருந்தார். "வீட்ல ஒக்காந்து காப்பி குடிக்கிறப்ப எல்லாப் பயலும் நல்லவனாத்தான் இருப்பான். வேலையில பாக்கணும்." எனக்கு அப்போது இருபத்தேழு முடிந்துவிட்டது. அதற்கு முன் மூன்று இடம் வந்து போனது. மூன்றும் ஒரே சொல்தான் சொன்னது: ராட்டினக்காரன். அக்கா காலையிலேயே சொல்லிவிட்டாள்: "இதும் போச்சுன்னா நீ அந்த ராட்டினத்தையே கட்டிக்க தம்பி. நான் இனிமே ஒருத்தர் வாசல்லயும் போயி நிக்க மாட்டேன்."

மூன்று மணிக்கு வந்தார்கள். அவர் முன்னால். குதிகாலைப் பார்த்தேன். ஆழமாக இறங்கியது. பின்னால் அவர் சம்சாரம், காற்றடித்தால் பறக்கும் உடம்பு. மகளும் அப்படித்தான். நீலச் சேலை. அந்தப் பெண் என்னைப் பார்க்கவில்லை. தலையைத் தூக்கி ராட்டினத்தின் அச்சைப் பார்த்தது. அது எனக்குப் பிடித்தது.

"ஏறிப் பாத்துர்றோம்" என்றார் அவர்.

அக்கா என் காதில், "மொதப் பெட்டியில வை. அதுலதான் மெத்தை இருக்கு. ஒன் மச்சானும் கூட ஒக்காரட்டும், பேசிக்கிட்டு வருவாரு" என்றாள். பெண்களைத் தனிப் பெட்டியில் வைக்கச் சொன்னாள்.

அங்கேதான் தப்பு செய்தேன். பெண்கள் பெட்டி எதிர்ப் பெட்டி. மூன்று மூட்டை வைத்திருக்க வேண்டும். தெரியும். ஆனால் பெண்ணின் காலடியில், பெண்ணின் அம்மா காலடியில், நாலு பேர் பார்க்க மணல் மூட்டையை வைக்க எனக்குக் கை வரவில்லை. அப்பாவின் கனத்துக்கு இது என்று சொல்லாமல் சொன்ன மாதிரி ஆகிவிடும். மாமனார் ஆகப்போகிறவர். மூட்டையை விட்டுவிட்டேன். நாங்கள் இரண்டு பேர் அழுத்திக்கொள்ளலாம் என்று நினைத்தேன்.

கடைசியாக அவரை ஏற்றினேன். பெட்டி கீழே, தரையிலிருந்து ஒரு முழம். நேர் எதிரே உச்சியில் பெண்கள். முதலாளி குழலில், "போகலாம்!" என்றார். நானும் கூட்டாளியும் ஏறி அழுத்தினோம். நகரவில்லை. இன்னொரு தடவை. அரை அடி போய்த் திரும்பி வந்தது.

"என்னப்பா, நான் இன்னும் திருமயத்துலயே இருக்கேன்" என்றார் கடலை வியாபாரி.

மேலே நாலாம் பெட்டியிலிருந்து ஒரு வழக்காளி, "வாய்தாவாப்பா?" என்றான். "ஜட்ஜ் இன்னும் வரல" என்றான் இன்னொருத்தன். ஐந்து வருஷமாகப் பேசாதவர்கள் அன்றைக்குச் சேர்ந்து சிரித்தார்கள். கண்டக்டர் விசில் ஊதினார். புது ஜோடி ஒன்றும் சொல்லவில்லை. அவர்களுக்கு நின்றாலும் ஒன்றுதான், ஓடினாலும் ஒன்றுதான்.

முதலாளிக்கு விஷயம் புரிந்துவிட்டது. குழலை வாயிலிருந்து எடுக்காமலே, "அந்தப் பெரிய ஆள எறக்குடா!" என்றார். மைதானம் முழுக்கக் கேட்டது.

அக்கா தூக்குச்சட்டியைக் கீழே வைத்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டாள்.

நான் இறக்கவில்லை. கட்டை வழியாக உச்சிக்கு ஏறிப் போனேன். பெண்ணின் அம்மா ஊரைப் பார்த்துக்கொண்டிருந்தது. "இங்கேருந்து கொளம், கோயிலு எல்லாம் தெரியுது. எறங்கித்தான் ஆகணுமா?" என்றது.

பெண் என்னைப் பார்த்தது. "அப்பா கனமா?"

நான் கீழே மூட்டை கிடந்த பக்கம் பார்த்தேன்.

"கீழ மூட்டை கெடக்குதே. ஏன் போடல?"

"நீங்க ஒக்காந்திருக்கீங்க."

"அதனால?"

"மண்ணு மூட்டை."

"நாங்க கடலை மூட்டை மேல ஒக்காந்து வளந்தவங்க. போடுங்க."

கூட்டாளியையும் மேலே கூப்பிட்டேன். இரண்டு பேரும் அந்தப் பெட்டியின் விளிம்பைப் பிடித்துத் தொங்கினோம். மெதுவாக இறங்கியது. பெண்கள் தரைக்கு வந்தார்கள். கடலை வியாபாரியும் மச்சானும் உச்சிக்குப் போனார்கள். மச்சானுக்கு உயரம் ஆகாது. கண்ணை மூடிக்கொண்டு கடலை வியாபாரியின் துண்டைப் பிடித்துக்கொண்டார். பேசிக்கொண்டு வரப் போனவர் அவர்தான்.

கூட்டாளி பெட்டியைப் பிடித்துக்கொள்ள, மூன்று மூட்டையையும் உள்ளே வைத்தேன். பெண் காலைத் தூக்கி இடம் கொடுத்தது. வைத்ததும் மூட்டை மேலேயே காலை நீட்டிக்கொண்டது. உச்சியிலிருந்து அவர் குனிந்து பார்த்தார். மூட்டையை எண்ணியிருப்பார். வியாபாரி.

அதற்கப்புறம் ராட்டினம் வெண்ணெய் மாதிரி ஓடியது. மீன்காரம்மா ஒவ்வொரு தடவை மேலே போகும்போதும் கூவியது. ஆவூர்ப் பிள்ளைகள் கீழே வரும்போதெல்லாம் என் தலையைத் தொட்டார்கள். எத்தனையோ ராட்டினம் பார்த்துவிட்டேன். இன்றைக்கு இருப்பதெல்லாம் இரும்பு, மோட்டார், கலர் லைட்டு. நல்லாத்தான் இருக்கிறது. ஆனால் ஏறுகிறவர் கீழே நிற்பவன் தலையைத் தொட முடியாது.

இறங்கினார்கள். மச்சான் நேரே போய் ஒரு கம்பத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். கடலை வியாபாரி என் முன்னால் வந்து நின்றார்.

"எத்தனை மூட்டை போட்ட?"

"மூணு."

"ஒண்ணு எம்புட்டு?"

"அறுவது ராத்தல்."

"மூணுதான் வேணும்னு எப்பத் தெரியும்?"

"நீங்க நடந்து வந்தப்பவே."

"தெரிஞ்சும் போடல."

"மரியாதைக்கு."

"எடையில என்னப்பா மரியாதை?" குரல் ஏறிவிட்டது. "நாளைக்கு என் கிடங்குக்கு ஒரு பெரிய மனுசன் மூட்டை கொண்டாருவான். அவனுக்கும் மரியாதை பாத்து நிறுப்பியா?"



அவர் சம்சாரம், "இந்தாருங்க, ஊரே பாக்குது" என்றது.

"பாக்கட்டும். பெரிய ஆளுன்னு கொழல்ல சொல்லியாச்சு, இனிமே என்ன." என் பக்கம் திரும்பினார். "ஒன் மச்சான் வீட்டுக்கு வந்து என்ன சொன்னாரு? கண்ணால பாத்தே எடை சொல்லுவான், ஒங்க யாவாரத்துக்கு ஆவான்னாரு. சரி, சொல்லு. நான் எம்புட்டு? அஞ்சு ராத்தல் முன்னப் பின்ன இருக்கலாம். அதுக்குள்ள இருந்தா என் மக ஒனக்குத்தான். அதுக்கு மேல போச்சு, நாலரை பஸ்ஸுக்கு நாங்க போறோம்."

அக்கா அவர் முதுகுக்குப் பின்னால் நின்று கையைக் கீழே கீழே காட்டினாள். குறைத்துச் சொல்லு என்று அர்த்தம். குறைத்துச் சொன்னால் அவருக்குச் சந்தோஷம். ஆனால் அவர் நிறுத்துப் பார்க்காமல் விடுகிற ஆள் இல்லை. மறுபடி அவர் குதிகாலைப் பார்த்தேன்.

"எரநூத்திப் பத்து."

அவருக்கு முகம் சிவந்துவிட்டது. "எரநூறா? நான் நூத்தி எம்பதத் தாண்டுனதே இல்ல!"

அவர் சம்சாரம் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டது. "அது நம்ம கல்யாணத்தப்ப" என்றது.

"எங்கடா தராசு?" என்றார்.

ரோட்டுக்கு எதிரே விறகுக் கடை இருந்தது. பெரிய தராசு, பலகைத் தட்டு, சங்கிலி. ஊரில் எடை பார்க்க நினைத்தவர்கள் அங்கேதான் போவார்கள். எல்லாரும் கிளம்பிவிட்டார்கள். வாத்தியார்கள், கண்டக்டர், மீன்காரம்மா, புது ஜோடி கூட. வழக்காளி ஒருத்தன் இருநூறுக்கு மேல் என்றான். உடனே இன்னொருத்தன் கீழே என்றான். அதோடு அவர்கள் சிநேகம் முடிந்தது. முதலாளி குழலோடு காலி ராட்டினத்துக்குப் பக்கத்தில் தனியாக நின்றார்.

கடலை வியாபாரி செருப்பைக் கழற்றினார். துண்டைச் சம்சாரத்திடம் கொடுத்தார். மடியிலிருந்த பொடி டப்பியையும் எடுத்துக் கொடுத்தார். சம்மணம் போட்டுப் பலகையில் உட்கார்ந்து, இரண்டு கையாலும் சங்கிலியைப் பிடித்து, கண்ணை மூடிக்கொண்டார். விறகுக் கடைக்காரர் கல்லை எடுக்கப் போனார். "நான் வைக்கிறேன்" என்றது பெண். கிடங்கில் பழக்கம்.

ஐம்பத்தாறு ராத்தல் கல் ஒன்று. தூக்க முடியவில்லை, உருட்டி ஏற்றியது. இன்னொன்று. இன்னொன்று. அப்புறம் இருபத்தெட்டு. அப்புறம் பதினாலு. என் கணக்கு அதோடு சரி. அவர் தட்டு தரையை விட்டு எழும்பவில்லை.

ஒரு ராத்தல் கல் வைத்தது. எழும்பவில்லை.

இன்னொன்று. சங்கிலி மட்டும் கிறீச்சிட்டது.

மூன்றாவது. அக்கா என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள்.

நாலாவது கல்லை எடுத்து, வைப்பதற்கு முன் அந்தப் பெண் ஒரு தடவை என்னைப் பார்த்தது. அன்றைக்கு இரண்டாவது தடவை. வைத்தது. தட்டு எழும்பியது. ஒரு விரல் உயரம். முள் ஆடி ஆடி நேராக நின்றது.

"எம்புட்டு?" என்றார் கண்ணைத் திறக்காமல்.

பெண் பெரிய கல்லிலிருந்து ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணிச் சொன்னது.

இருநூற்றுப் பதினாலு.