காலுக்குக் கட்டிய ரெயின்கார்ட்

எங்கள் தோட்டத்தில் ரெயின்கார்ட் கட்டிக்கொண்டு பள்ளிக்கூடம் போன ஒரே ஆள் நான்தான். மற்றதெல்லாம் ரப்பர் மரங்கள்.

இலங்கையில், தெஹியோவிட்டவுக்கு மேலே இருக்கிற தோட்டம் அது. மழைக்கு அங்கே நேரங்காலம் கிடையாது. வெட்டிய பட்டையில் தண்ணீர் இறங்கினால் பால் வீணாகிவிடும் என்று, வெட்டுக்கு மேலே மரத்தைச் சுற்றிப் பொலித்தீனைப் பாவாடைபோல வைத்துத் தார் பூசி ஒட்டிவிடுவார்கள். அதுதான் ரெயின்கார்ட். அப்பா பால் வெட்டுகிறவர். ரெயின்கார்ட் ஒட்டுவதில் அவரை மிஞ்ச ஆளில்லை என்று கங்காணியே சொல்லுவார். கங்காணி யாரையும் லேசில் புகழ்கிற மனிதர் அல்ல.

எனக்கு அப்போது ஒன்பது வயது. சித்திரை வருஷப் பிறப்புக்கு நாங்கள் குடியிருந்த லயத்துக்குப் பின்னாலிருந்த பலா மரத்தில் அப்பா ஊஞ்சல் கட்டித் தந்தார். "இன்னும் உசரமா, இன்னும் உசரமா" என்று கத்தினேன். "போதுங்க, புள்ள விழுந்துரும்" என்று அம்மா அடுப்படியிலிருந்து குரல் கொடுத்தாள். அப்பா சிரித்துக்கொண்டே இன்னொரு தள்ளு தள்ளினார். கயிற்றிலிருந்து என் கை நழுவிவிட்டது. எழுந்திருக்கப் பார்த்தால், வலது தொடை நடுவிலே மடங்கிக் கிடந்தது. வலியைவிட அதைப் பார்த்த பயத்தில்தான் அதிகம் கத்தினேன் என்று நினைக்கிறேன்.

டவுன் ஆஸ்பத்திரியில் ஒரு சிங்கள டொக்டர். சின்ன வயது. என் கட்டிலுக்குப் பக்கத்தில் வந்து, பென்சிலைவிட மெல்லிய ஒரு கம்பியைக் காட்டினார். இரண்டு கையாலும் அதை வளைத்து விட்டார்; அது துள்ளிக்கொண்டு நிமிர்ந்தது. வலியை மறந்து, "இன்னொரு தடவ" என்றேன். வளைகிற இந்த ஆணிகள் இரண்டை முழங்காலுக்கு மேலே இரு பக்கமும் சின்னத் துளை போட்டு எலும்புக்குள் செலுத்துவாராம். எலும்பு தானாகக் கூடும்வரை அவை உள்ளிருந்து பிடித்துக்கொள்ளுமாம். பிறகு எடுத்துவிடலாமாம். இடுப்பிலிருந்து கால்வரை மாவுக்கட்டுப் போட்டு மாதக்கணக்கில் படுத்துக் கிடக்க வேண்டியதில்லை. "துவ, பய வென்ன எப்பா" என்று என் தலையைத் தடவினார். மகள், பயப்படாதே என்று அர்த்தம். அப்பா அவரை வாசல்வரை விரட்டிக்கொண்டு போய் என்னென்னவோ கேட்டார். திரும்பி வந்து கையெழுத்துப் போட்டார்.

ஒப்பரேஷன் முடிந்தது. கொஞ்ச வாரம் கட்டைகளை ஊன்றி நடந்தேன், பிறகு கட்டை இல்லாமலும் நடந்தேன். பள்ளிக்கூடத்தில் எனக்கு ராஜ மரியாதை. முழங்காலுக்கு மேலே தோலை அழுத்தினால் ஆணியின் நுனி கைக்குத் தட்டுப்படும். அதைத் தொட்டுப் பார்க்க வகுப்பே வரிசையில் நின்றது. ஒரு தடவை தொட ஒரு ரம்புட்டான். நான் வைத்ததுதான் சட்டம். சீசன் முடிவதற்குள் கால் தேறிவிட்டது, வயிறுதான் கெட்டது.

இத்தனை சந்தோஷத்திலும் ஒரு குறை இருந்தது. மழையில் நனைந்துகொண்டு ஓடுவதுதான் எனக்கு உலகத்திலேயே பிடித்த காரியம். அதற்குத்தான் அப்பா தடை போட்டுவிட்டார். "உள்ள இருக்கிறது ஆணி. துரு புடிச்சா எலும்பு என்னாகும்?" என்றார். மழைக்கு அவர் தகர வாளியும் பால் கத்தியும் என்ன பாடு படுகின்றன என்று எனக்கும் தெரியும். தினமும் காலையில் என் முன்னால் குந்தி, தொடையிலிருந்து கணுக்கால்வரை ரெயின்கார்ட் பொலித்தீனைச் சுற்றி, சைக்கிள் டியூப் பட்டையால் கட்டிவிடுவார். ஒரு சொட்டு உள்ளே போகாது. தார் பூசத்தான் அம்மா விடவில்லை.

ஒருநாள் பள்ளிக்கூடம் விட்டதும் பேய் மழை. பொலித்தீனை அவிழ்த்துப் பைக்குள் திணித்துக்கொண்டு ஆசைதீர நனைந்தேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் பயம் பிடித்தது. வாசல்படியில் உட்கார்ந்து, பழைய இரும்புக் கேட்டைப்போல 'கிறீச்' என்று சத்தம் வருகிறதா என்று காலை மடக்குவதும் நீட்டுவதுமாக இருந்தேன். அப்பா பார்த்துவிட்டார். அழுதுகொண்டே உண்மையைச் சொன்னேன். அடி விழும் என்று கண்ணை மூடினால், தேங்காயெண்ணெய்ப் போத்தலோடு வந்து உட்கார்ந்தார். விளக்கு வைக்கும்வரை தேய்த்தார். அன்றிலிருந்து தினமும் எண்ணெய். பள்ளிக்கூடத்தில் என் பக்கத்தில் உட்கார ஆளில்லாமல் போயிற்று.

எட்டு மாதம் கழித்து ஆணிகளை எடுத்தார்கள். காயமெல்லாம் ஆறிய பிறகு கடைசி கிளினிக். டொக்டர் எக்ஸ்ரேயைத் தூக்கிப் பிடித்துப் பார்த்து, இனி ஓடலாம், குதிக்கலாம், ஊஞ்சலும் ஆடலாம் என்றார். அப்பா தரையைப் பார்த்தார். பிறகு மெதுவாக, ஆணியில் துரு இருந்ததா என்று சிங்களத்தில் கேட்டார். டொக்டர் வாய்விட்டுச் சிரித்தார். இது துருப்பிடிக்காத உலோகம், கடலில் போட்டாலும் ஒன்றும் ஆகாது, முதல் நாளே நீங்கள் மூன்று தடவை கேட்டு நான் மூன்று தடவை சொன்னேனே என்றார். ஆமாம், சொன்னீர்கள்தான் என்று அப்பா தலையைச் சொறிந்தார்.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. எத்தனை மழை வீணாகிப் போயிற்று! பஸ்ஸில் ஏறியதும் கேட்டுவிட்டேன்.

"தெரிஞ்சே ஏம்ப்பா கட்டுனீங்க?"

அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். "வேற என்னா செய்யிறதுன்னு தெரியலம்மா."

இதெல்லாம் ஒரு பதிலா? அப்பாவுக்குப் புத்தி கொஞ்சம் மட்டுதான் என்று முடிவு கட்டினேன்.

தோட்டத்து முடக்கில் பஸ்ஸை விட்டு இறங்கியபோது மழை பிடித்துக்கொண்டது. லயத்துக்கு ஏற்ற ரோட்டில் கொஞ்ச தூரம் போக வேண்டும்.

"ஓடும்மா" என்றார்.

"நனைஞ்சிருவேன்."

"நனைஞ்சுக்க. ஓடு, பாப்போம்."

ஓடினேன். சேறு தெறிக்க, இரண்டு கையையும் வீசிக்கொண்டு, ஒரு வருஷத்து ஓட்டத்தையும் சேர்த்து ஓடினேன். வளைவில் திரும்பிப் பார்த்தால் அப்பா என் பின்னால் வரவே இல்லை. ரோட்டோர மதகுக் கட்டின் மேல் உட்கார்ந்து, இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டிருந்தார். பாவம், மூச்சு வாங்குகிறது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

முதலாவதாக லயத்துக்கு வந்து சேர்ந்து, அப்பாவை ஓட்டத்தில் ஜெயித்துவிட்டேன் என்று எட்டு வீட்டிலும் சொன்னேன். வெகுநேரம் கழித்து வந்த அப்பாவும், "ஆமா, தோத்துட்டேன்" என்று எல்லாரிடமும் ஒப்புக்கொண்டார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.